அடுக்கு எஃகுக் கத்தியை எப்படிப் பார்ப்பது? முதுகிலிருந்து தொடங்குங்கள்

வேலைப்பாடு நிறைந்த ஒரு கத்தியைக் கையில் கொடுத்தால் எல்லோருக்கும் கண் முதலில் போவது அலகின் பக்கவாட்டுக்குத்தான். ரேகைகள் அலையலையாக அங்கேதான் ஓடும். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, கத்தியை நிமிர்த்தி முதுகைப் பாருங்கள் என்றுதான். செய்தவரின் உழைப்பு முதுகிலும் இணைப்புகளிலும்தான் மறைக்க முடியாமல் தெரியும்.

தேவையானவை மூன்று: ஜன்னலோர வெளிச்சம், நகைக்கடையில் வைத்திருப்பார்களே அந்தப் பத்து மடங்கு லென்ஸ், ஒரு மெல்லிய பருத்தித் துணி.

படி 1: ரேகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்குவார்கள். இன்று பலரும் எடுப்பது 1084 என்ற கார்பன் எஃகும், சுமார் 2 சதவீதம் நிக்கல் உள்ள 15என்20 எஃகும். அடுக்கை உலையில் காய்ச்சி, வெண்காரம் தூவி, சம்மட்டியால் அடித்து ஒட்டுவார்கள். நீட்டி, வெட்டி, மறுபடி அடுக்கி ஒட்டுவார்கள். 10 தகட்டில் தொடங்கி ஐந்து முறை மடித்தால் 320 அடுக்கு. கடைசியில் அலகைத் தேய்த்து ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கும்போது கார்பன் எஃகு கறுக்கும், நிக்கல் எஃகு வெள்ளியாக நிற்கும். அதுவரை அந்த ரேகை கண்ணுக்கே தெரியாது.

சந்தையில் இதற்கு 'டமாஸ்கஸ்' என்று பெயர். பழைய டமாஸ்கஸ் வாள்களோ உருக்கு எஃகால் ஆனவை. அந்த உருக்கைத் தென்னிந்தியாவில் மூடிய மண் மூசைகளில், அதாவது உலோகம் உருக்கும் சிறு மண் கலங்களில், உருக்கினார்கள். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் அதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் அடுக்கு கிடையாது, ரேகை எஃகுக் கட்டிக்குள்ளேயே உருவாவது. இரண்டும் அழகுதான், ஆனால் இரண்டும் வேறு.

படி 2: முதுகு

கத்தியின் வாய் கீழே இருக்கும்படி பிடித்து, முதுகை வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். அடுக்கு உண்மையானால் ஒரு பக்கத்து ரேகை முதுகைத் தாண்டி மறுபக்கத்தோடு சேரும். மரக்கட்டையின் ரேகை விளிம்பில் திரும்பி ஓடுவதைப் போல. முதுகு வழவழவென்று வெறுமையாக இருந்தால், சாதாரண எஃகின் மேல் அமிலமோ லேசரோ வைத்து வரைந்த படமாக இருக்கலாம்.

நான் இணையத்தில் வாங்கிய முதல் கத்தி அப்படிப்பட்டதுதான். ஒரு துருப் புள்ளியை எடுக்க 400 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். ரேகை போய்விட்டது. உண்மையான அடுக்கிலும் தேய்த்தால் ரேகை மங்கும், ஆனால் மறுபடி கரைசலில் முக்கினால் அதே ரேகை திரும்பி வரும். என்னுடையதில் ஒன்றுமே வரவில்லை. அன்றிலிருந்து முதுகைப் பார்க்காமல் நான் கத்தி வாங்குவதில்லை.

படி 3: ரேகையைப் படியுங்கள்

அடுக்குக் கட்டியின் மேல் குறுக்கே பள்ளம் வெட்டி, பிறகு தட்டையாக அடித்தால் ஏணிப்படி போல வரி வரும். ஆழமில்லாத குழிகள் போட்டுத் தட்டினால் மழைத்துளி வட்டங்கள். கம்பியை முறுக்கித் தட்டினால் சுருள். அதை நடுவரை தேய்க்கத் தேய்க்க நட்சத்திரம் போலப் பூக்கும். ஒரே கட்டியை எவ்வளவு தேய்க்கிறார் என்பதைப் பொறுத்து ரேகை மாறும். ஆகவே ஏணிப்படிகளின் இடைவெளி பிடியிலிருந்து நுனிவரை சீராக இருக்கிறதா, கத்தியின் வாய்வரை ரேகை போகிறதா என்று பாருங்கள். லென்ஸில் மயிரிழை போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை.

படி 4: பிடி சேரும் இடம்

கத்தியை ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். அலகும் பிடியும் சேரும் கோட்டில் வெளிச்சம் கசியக் கூடாது. பசையோ ஈயமோ பிதுங்கியிருக்கக் கூடாது. அரத்தால் சின்னச் சின்னதாக ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவி வருகிற வேலை இது. நல்ல கலைஞர்கள் பல மணி நேரத்தை இந்த ஒரு கோட்டுக்குச் செலவிடுவார்கள்.

படி 5: உலோகப் பிடி

இங்கே நிதானமாக இருங்கள். முதல் கேள்வி: வார்த்ததா, செதுக்கியதா? வார்ப்பில் விளிம்புகள் கொஞ்சம் மழுங்கி இருக்கும், மடிப்புகளுக்குள் குண்டூசி முனை போன்ற நுண்குழிகள் தெரியலாம். செதுக்கியதில் உளி நின்ற இடமும் திரும்பிய இடமும் கூர்மையாகத் தெரியும். வார்ப்பு என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். சுவாமிமலையில் மெழுகு வார்ப்புச் சிலைக்கு முகமும் நகையும் தெளிவது வார்த்த பிறகு உளி படும்போதுதான். கத்திப் பிடிக்கும் அதேதான்: வார்த்த பிறகு யாராவது உட்கார்ந்து உளி பிடித்தார்களா என்று தேடுங்கள்.

கண்ணைப் பழக்க ஜப்பானிய 'கொஸுகா' பிடிகளைப் பாருங்கள். வாள் உறையின் பக்கத்தில் செருகும் சின்னக் கத்தியின் பிடி அது. விரல் அகலம்தான். பல பிடிகளில் பின்னணி முழுக்க 'நனாகோ', அதாவது மீன் முட்டை போன்ற மணிகள். நுனி குழிந்த சிறு உளியை வைத்து ஒரு தட்டுக்கு ஒரு மணி. வரிசை ஒன்று கோணினால் பக்கத்து வரிசையும் கோணும். உலோகம் பெரும்பாலும் 'ஷகுடோ': செம்பில் கொஞ்சம் தங்கம். பக்குவம் செய்ததும் நாவற்பழ நிறக் கறுப்பு வரும், அதன் மேல் பொன் உருவங்கள் எழுந்து நிற்கும். லென்ஸில் அந்த மணிகளை ஒருமுறை பார்த்துவிட்டால், இயந்திரம் அடித்த புள்ளிகளை அடுத்த முறை தானாகவே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

படி 6: கையில் பிடியுங்கள்

பிடி கனமாக இருந்தால் கத்தி பின்னால் சாயும். அழகுக்காகச் செய்த கத்தியும் கத்தியாக நிற்க வேண்டும் என்பது என் கட்சி. 1973இல் கன்சாஸ் நகரக் கண்காட்சியில் அடுக்கு எஃகுக் கத்திகளைக் காட்டி இந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் அமெரிக்கக் கத்திக் கொல்லர் பில் மோரன். அவர் முன்னின்று 1976இல் தொடங்கிய அமெரிக்க பிளேட்ஸ்மித் (கத்திக் கொல்லர்) சங்கத்தில் மாஸ்டர் ஆக வேண்டுமானால், குறைந்தது 300 அடுக்குள்ள அலகால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் வெட்டி, மரச்சட்டத்தைத் துண்டாக்கி, அதற்குப் பிறகும் கை முடியை மழித்துக் காட்ட வேண்டும். கடைசியில் அலகை 90 பாகை வளைப்பார்கள்.

படி 7: துடைத்து வையுங்கள்

விரல் வியர்வை உப்பே துருவுக்குப் போதும். பார்த்து முடித்ததும் துணியால் துடைத்து, நுண்மெழுகு அல்லது தையல் இயந்திர எண்ணெய் மெலிதாகப் பூசுங்கள். தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, ரேகைப் பள்ளங்களையும் பிடி சேரும் கோட்டையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.