பங்குனிக் குளத்தில் விரால்: றப்பர் தவளை போட்டுப் பழகும் முறை

வெளிநாட்டு ‘பாஸ்’ மீன்பிடி வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தூண்டில் வாங்குவோர் கொழும்பில் பலர். அந்த வீடியோக்களின் வசந்தகாலக் கணக்கு வேறு. அங்கே குளிர்காலம் முடிந்து தண்ணீர் 10 பாகை செல்சியஸைத் தாண்டும்போது பாஸ் ஆழத்திலிருந்து ஏறத் தொடங்கும்; 15, 18 பாகை ஆனதும் கரையோரத்தில் முட்டையிடும். நம் வரண்ட வலயக் குளங்கள் ஒருநாளும் அப்படிக் குளிர்வதில்லை. இங்கே மீனை இடம்மாற்றுவது நீர்மட்டம். பிடிபடுவதும் பாஸ் அல்ல, விரால். கொழும்புச் சந்தையில் ‘லூலா’ என்று கேட்டால்தான் தருவார்கள். ஆனால் பாஸுக்கென்று செய்த கருவிகள் விராலுக்கு அப்படியே பொருந்தும்.

வடகீழ்ப் பருவமழை பெய்து முடிந்து, தை மாதத்தில் குளம் நிறைந்திருக்கும்போது மீன் புல்லுக்குள்ளும் பற்றைக்குள்ளும் சிதறிவிடும். புதிதாகப் பழகுபவருக்கு அது கடினமான காலம். மாசிக் கடைசியிலிருந்து பங்குனி, சித்திரை வரை மட்டம் இறங்க இறங்க, மீன் தாமரையும் சல்வீனியா என்ற நீர்ச்செடியும் நிற்கும் ஓரங்களில் சேரும். போகவேண்டிய காலம் அதுதான்.

எங்கே போவது? கொழும்பிலிருந்து நள்ளிரவில் புறப்பட்டால் விடியும் நேரத்துக்குப் பொலன்னறுவைப் பராக்கிரம சமுத்திரத்தை அடையலாம். கலா வெவ, உடவளவை ஆகியவையும் பெருங்குளங்களே. எங்கு போனாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்குள் தூண்டில் போடாதீர்கள். மற்றக் கரைகளிலும், அந்தக் குளத்து மீனவர் சங்கத்தில் முதலில் கேட்டுவிட்டுத்தான் தூண்டிலை எடுக்க வேண்டும். லபுகம, களட்டுவாவ இரண்டும் கிட்ட இருக்கின்றனவே என்று நினைக்க வேண்டாம். அவை கொழும்பின் குடிநீர்.

முதற்படி: வீட்டில் கட்டி முடிக்க வேண்டியவை

தடி ஆறரை முதல் ஏழு அடி, ‘மீடியம் ஹெவி’ என்று எழுதியது. மெல்லிய தடி வளைந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், முள் ஏறாது. றீல் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங். நூல் 40 இறாத்தல் பிரெயிட், அதாவது பின்னல் நூல். வெறும் தங்கூசி வேண்டாம், அது நீளும். முப்பது மீற்றருக்கு அப்பால் மீன் கடிக்கும்போது நீங்கள் இழுக்கும் இழுவையில் ஒரு பகுதி அந்த நீட்சியிலேயே போய்விடும்.

பிரெயிட்டை நேரே றீலின் வெறும் ஸ்பூலில் (நூல் சுற்றும் உருளையில்) சுற்றினால் முடிச்சோடு மொத்தமாக வழுக்கிச் சுழலும். ஆகவே முதலில் பத்து மீற்றர் தங்கூசியைச் சுற்றி, அதன் முனையில் பிரெயிட்டை இணையுங்கள். சுற்றும்போது ஈரத் துணியால் நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தளர்வாகச் சுற்றிய பிரெயிட், பெரிய மீன் இழுக்கும்போது உள்ளடுக்குக்குள் புதைந்துபோகும். அடுத்த எறிதலில் அங்கேயே சிக்கி லூர் (செயற்கை இரை) அறுந்து பறக்கும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழே நிறுத்திவிடுங்கள்.

லூர் உள்ளீடற்ற றப்பர் தவளை. உடல் 5 முதல் 6 சென்ரிமீற்றர், எடை 10 முதல் 15 கிராம். அதன் இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்பதால் செடியில் மாட்டாது. பச்சைத் தவளை ஒன்று, கறுப்பு ஒன்று போதும். தெளிந்த நீருக்குப் பச்சை. கலங்கிய நீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் கறுப்பு, அதன் நிழலுரு நன்றாகத் தெரியும் என்பதால். பத்து நிறம் வாங்கும் காசுக்கு நல்ல நூல் வாங்கலாம்.

தவளையை வாங்கியதும் விரல்களால் நசுக்கிப் பாருங்கள். முள் இரண்டும் உடனே வெளியே தலைகாட்ட வேண்டும். காட்டாவிட்டால் குறட்டால் ஒவ்வொன்றையும் 2 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் வளையுங்கள். அதற்கு மேல் வளைத்தால் செடியில் மாட்டத் தொடங்கும். பின்னால் தொங்கும் றப்பர் இழைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுவது நல்லது. நீளமாக விட்டால் மீன் இழையை மட்டும் கடித்துவிட்டுப் போகும்.

செடிகளுக்குள், நூலுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் இடைநூல் தேவையில்லை, பிரெயிட்டையே பாலோமர் முடிச்சில் கட்டலாம்: நூலை இரட்டையாக மடித்து லூரின் வளையத்துக்குள் விட்டு, ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, மடிப்பின் கண்ணுக்குள் லூர் முழுவதையும் நுழைத்து எடுத்து, எச்சிலால் நனைத்து இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் முடிச்சு ஒழுங்காக அமராது. நூல் அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுக்கும்போது நூலை வழுக்கவிடும் றீலின் திருகை, எவ்வளவு இறுக்குவது? 5 லீற்றர் தண்ணீர்க் கலனின் கைப்பிடியில் நூலைக் கட்டி, தடியை வளைத்தல்ல, நூல் நேரே வரும்படி றீலையே கையில் பிடித்துத் தூக்குங்கள். கலன் நிலத்தை விட்டு எழுந்து, டிராக் மெல்ல வழுக்கினால் சரி.

எறிந்து பழகக் காலிமுகத்திடல் வேண்டாம். பட்டக்காரரும் இறால் வடைக்காரரும் உள்ள இடத்தில் முள் பறக்கக் கூடாது. ஆளில்லாத விளையாட்டு மைதானத்தில், முள்ளை நெட்டித் துண்டால் மூடிவிட்டு, 20 மீற்றரில் வைத்த வாளிக்குப் பக்கத்தில் விழும்வரை எறியுங்கள். லூர் நிலத்தில் பட்டதும் பெயில் கம்பியை (எறியும்போது நூலை விடத் திறக்கும் றீலின் வளைகம்பியை) கையால் மூடிப் பழக வேண்டும். றீல் பிடியைச் சுழற்றி மூடினால் தளர்ந்த நூல் ஸ்பூலில் ஏறி, அடுத்த எறிதலில் குருவிக்கூடாகும்.

இரண்டாம் படி: கரையை வாசித்தல்

பெருங்குளத்தின் முன்னால் நின்று எங்கே எறிவதென்று மலைக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை அலைகரையின் முப்பது மீற்றர் மட்டுமே. முதலில் மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். நீர்விளிம்புக்கு மேலே ஈரச் சேற்றுக்கோடு பட்டையாகத் தெரிந்தால் இறங்குகிறது. பச்சைப் புல் தண்ணீருக்குள் மூழ்கி நின்றால் ஏறுகிறது. ஏறும்போது புல்லுக்குள் எறிய வேண்டும். இறங்கும்போது செடிப்படையின் வெளி ஓரத்தில். சிறுபோகத்துக்குத் துருசு திறந்த நாட்களில் மட்டம் வேகமாக வடியும். அப்போது புல்லுக்குள் எறிவது வீண், மீன் ஏற்கனவே வெளியேறியிருக்கும்.

அடுத்தது காற்று. சல்வீனியா மிதக்கும் செடி, காற்று தள்ளும் கரையில் போய் ஒதுங்கும். நேற்று வெளியாக இருந்த மூலை இன்று மூடிக் கிடக்கலாம். மூடிய செடியில் இருக்கும் தட்டளவு ஓட்டைகளே நல்ல இலக்கு.

பிறகு பத்து நிமிடம் எறியாமல் பாருங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மேலே வந்து ‘பொளக்’ என்று ஒரு வாய் எடுத்துவிட்டு இறங்கும். அந்த வளையம் விரியும் இடத்தை ஒரு தாமரை இலையோடு சேர்த்து அடையாளம் வையுங்கள். நீரின் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்ட் கண்ணாடி இருந்தால் இது இன்னும் எளிது.

செம்மஞ்சள் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே வந்து வந்து போனால், தாய்தகப்பன் கீழே காவல் நிற்கின்றன. அங்கே தவளை விழுந்தால் கோபத்தில் கட்டாயம் தாக்கும். அதனாலேயே அங்கே எறியக் கூடாது. பெரியதைத் தூக்கினால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

மூன்றாம் படி: எறிவதும் இழுப்பதும்

காலை 6 முதல் 9 மணிவரை நல்ல நேரம். மாலையும் கடிக்கும், ஆனால் இந்தக் குளங்கள் பலவற்றுக்கு யானை இறங்குவது அந்த நேரத்தில்தான். முதலையும் உண்டு. தண்ணீருக்குள் இறங்காமல், விளிம்பிலிருந்து சில மீற்றர் பின்னால் நின்றே எறியுங்கள். மீன் நிழலைக் காணாமலிருக்கவும் அது உதவும்.

குறித்த இடத்தின் மேலேயே போடாதீர்கள். இரண்டு மீற்றர் அப்பால் விழுத்தி, அதன் மேலாகக் கொண்டுவாருங்கள். விழுந்ததும் வளையங்கள் அடங்கும்வரை அசைக்காதீர்கள். தடிநுனியைக் கீழே வைத்து இரண்டு சிறு சுண்டு, பிறகு மூன்று விநாடி நிறுத்தம். இலையின் மேல் தவளை ஏறினால் அதன் விளிம்பில் நிறுத்திவிட்டு, மெல்லத் தண்ணீருக்குள் விழ விடுங்கள். கடி அதிகம் வருவது அந்தக் கணத்தில்.

தவளை தாழத் தொடங்கினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முள்ளுள்ள பக்கத்தைக் கீழே பிடித்து நசுக்கினால் வெளியேறும். ஐந்தாறு எறிதலுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

நான்காம் படி: கடித்த பிறகு

புதியவர்களிடமிருந்து விரால் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுக்கும். தவளை வெறுமையாகப் பறந்து முகத்துக்கு வரும். விரால் முதலில் அடிக்கும், பிறகுதான் வாய்க்குள் வைத்து மூடும். ஆகவே சத்தத்துக்கு இழுக்காதீர்கள், பாரத்துக்கு இழுங்கள். தடியை மீன் பக்கம் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி எடுத்து, நூல் நகர்வதை உணர்ந்ததும் இரு கையாலும் மேல்நோக்கி ஓங்கி ஒரே இழுவை. ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று மனதுக்குள் எண்ணுவது அளவாக இருக்கும்.

முள் ஏறியதும் நிறுத்தாமல் சுற்றுங்கள். தலை மேலே இருக்கும்வரை மீன் செடியின் மேலாக வழுக்கி வரும். ஒரு விநாடி தளர்த்தினாலும் தண்டுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டால் அறுக்க முயலாதீர்கள். நூலை இறுக்கிப் பிடித்து அரை நிமிடம் பொறுத்தால் பல தடவை மீனே திரும்பி வெளியே வரும்.

அடித்துவிட்டுத் தவறவிட்டால், தவளையை எடுக்காமல் அதே இடத்தில் அசையாது மிதக்க விடுங்கள். திரும்பி வந்து எடுப்பதுண்டு. வராவிட்டால் அந்த இடத்துக்குப் பத்து நிமிட ஓய்வு கொடுத்துவிட்டு, மற்ற நிறத்தைப் போடுங்கள்.

கரைக்கு வந்ததும் வாய்க்குள் பெருவிரலை விடக் கூடாது. பாஸ் வீடியோவில் அப்படித் தூக்குவார்கள். பாஸின் பல் அரம் போன்றது, விராலின் பல் ஊசி. தாடையை மீன்பிடிக் கவ்வியால் பிடித்து, நீள்மூக்குக் குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் உட்புறத்தில் எதிர்த்து நிற்கும் சிறு கூரை முன்கூட்டியே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால், மீனுக்கும் எளிது, உங்கள் விரலில் ஏறினாலும் எளிது. திரும்ப விடுவதானால் கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். அதன் வழுவழுப்பு உரிந்தால் தோலில் பூஞ்சை பிடிக்கும்.