மலைத்தோட்ட வீட்டில் ஹீட்டர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

மலேசியாவின் கேமரன் மலையில், குறிப்பாக ரிங்லெட்டையும் தானா ராத்தாவையும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், ஆண்டிறுதி மழைக் காலத்து இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கைக்குழந்தையோ மூட்டுவலியால் வருந்தும் பாட்டியோ உள்ள வீட்டில் ஹீட்டர் வாங்குவது வீண் செலவு ஆகாது. ஆனால் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருக்கும் பழைய வீடுகளில், எந்த ஹீட்டரை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், அதை எந்தச் சுவர்ப் பிளக்கில் செருகப் போகிறோம் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

2000 வாட் ஹீட்டர் ஒன்று 240 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கும் சற்று அதிகமான மின்சாரத்தை இழுக்கிறது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் ஏறக்குறைய அதே அளவு இழுக்கக்கூடியதுதான். ஆயினும் அது சில நிமிடங்களில் அணைந்துவிடும், ஹீட்டரோ மணிக்கணக்கில் ஓடும். அவ்வளவு நேரம் ஓடும்போது தளர்ந்த பிளக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் உள்ளுக்குள்ளேயே சூடேறி உருகத் தொடங்குகின்றன. பாய்க்கு அடியில் செல்லும் வயராக இருந்தால் அது கண்ணிலும் படாது. ஆகவே ஹீட்டரை எக்ஸ்டென்ஷனில் செருகாமல், 13 ஆம்பியர் சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது, கை வைக்க முடியாத சூடோ, துளைகளைச் சுற்றிப் பழுப்புக் கறையோ, பிளாஸ்டிக் கருகும் வாடையோ இருந்தால், வயர்மேனை அழைத்துச் சரிபார்க்கும் வரை அந்தப் பிளக்கைப் பயன்படுத்தக் கூடாது. மெயின் சுவிட்சுப் பெட்டியில் உள்ள, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அதன் சுவிட்சு தானாகக் கீழே விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கின்றன. காற்றாடி வைத்த ஹீட்டர் விலை குறைவு, விரைவில் சூடு தரும். அணைத்த சிறிது நேரத்தில் பலகை இடுக்குகள் வழியே அந்தச் சூடு போய்விடும். கம்பி சிவந்து ஒளிரும் ஹாலஜன் வகை எதிரில் இருப்பவரை மட்டுமே சூடாக்கும். போர்வையின் ஓரம் அருகில் பட்டாலும் தீப்பற்றக் கூடியது என்பதால், பலகை வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் சூடேற அரை மணி நேரம் ஆகலாம். ஆனால் சத்தமில்லாமல், சீராக, அணைத்த பின்னும் சிறிது நேரம் வெப்பம் தருவதால், படுக்கையறைக்கு அதுவே ஏற்றது. அதன் எண்ணெய் எரிவதுமில்லை, மாற்ற வேண்டியதுமில்லை.

பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 1000 வாட் போதும். இடுக்கு மிகுந்த அறைக்கு 1500 வாட் தேவைப்படலாம். அதற்கு முன் கதவின் அடியில் பழைய கைலியைச் சுருட்டி வைத்து, சன்னலுக்குத் தடித்த திரை போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே பாதிக் குளிரைத் தடுத்துவிடும். 1500 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் 3 யூனிட் செலவாகும் என்பதால், போதிய சூடு வந்ததும் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குவது நல்லது. கீழே சாய்ந்தால் தானாக அணைகிறதா என்பதைக் கடையிலேயே சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டில், கொசுவலை, திரை எல்லாம் ஹீட்டரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் துணி காயாது என்பது உண்மைதான். இருந்தாலும் பள்ளிச் சீருடையை ஹீட்டரின் மேல் விரிக்கக் கூடாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறையைச் சூடாக்கி, உறங்கப் போகும்போது அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மின்சாரம் தடைப்பட்ட இரவில் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ அறைக்குள் வைத்துக் குளிர் காய்வதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது; மூடிய அறையில் உறங்குபவர் விழித்துக்கொள்ளவும் மாட்டார். அத்தகைய இரவில் கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.