குதிகாலுக்குள் ஒரு குட்டிப் புட்டி: திஞ்ஜானுக்கு நாமே செருப்பு செய்வோம்

ரங்கூனில் ஏப்ரல் பாதி வந்துவிட்டால் தெரு முழுக்கத் தண்ணீர்தான். பர்மியர்களின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானும் நம் சித்திரைப் பிறப்பும் ஒரே வாரத்தில் வருவதால், காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வெளியே வந்ததும் பந்தல்களில் இருந்து குழாய் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். உடம்பெல்லாம் நனைந்திருக்கும், தொண்டை மட்டும் காய்ந்திருக்கும். கையில் பாட்டில் வைத்துக்கொண்டு ஆட முடியாது. பை கொண்டுபோனால் அதுவும் ஊறிவிடும். செருப்பின் குதிகாலுக்குள் இரண்டு மடக்குத் தண்ணீரை ஒளித்துவைக்கும் யோசனை எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். இது வேடிக்கைச் செருப்புதான். ஆனாலும் ஒழுகாமல், கால் சறுக்காமல், நாள் முழுவதும் நடக்கும்படி செய்ய முடியும். செருப்பு வேலையே தெரியாதவர்களும் இரண்டு விடுமுறை நாளில் முடித்துவிடலாம்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ரீஃப் நிறுவனம் குதிகாலில் சிறு குப்பி வைத்த 'டிராம்' என்ற செருப்பை விற்றது. அதே நிறுவனத்தின் 'ஃபேனிங்' செருப்பில் அடிப்பக்கம் பாட்டில் திறப்பான் பதித்திருக்கும். 2019-இல் அமெரிக்காவின் மிஸ்சீஃப் குழு, நைக்கி ஏர் மேக்ஸ் 97 ஷூவின் அடிக்காற்றறைக்குள் ஜோர்டான் ஆற்றுத் தண்ணீரை ஊசியால் ஏற்றி விற்றது. 2022-இல் ஹைனகன் நிறுவனம் அடிப்பாகத்தில் பீர் நிரப்பிய ஷூக்களை 32 ஜோடி மட்டும் செய்தது. கடைசி இரண்டும் பார்ப்பதற்குத்தான், அவற்றிலிருந்து யாரும் குடிக்கப்போவதில்லை. நாம் செய்யப்போவது குடிப்பதற்கு.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: வாய் எங்கே?

புட்டியின் வாயைச் செருப்பின் அடியில் வைக்கவே கூடாது. ரங்கூன் நடைபாதையில் வெற்றிலை எச்சில் படாத இடம் எது? அதை மிதித்த இடத்தில் வாய் வைத்துக் குடிப்பதா? பின்பக்கம் வைத்தால் வேறு சிக்கல். நடக்கும்போது முதலில் தரையில் அடிபடுவது குதிகாலின் பின் ஓரம், அங்கே ஓட்டை போட்டால் செருப்பு அங்கிருந்துதான் பிளக்கும். ஆகவே மேலிருந்து திறப்பதே நல்லது. குதிகால் படும் இடத்தில் ஒரு மூடி, அதன் கீழே ஒரு குழி, குழிக்குள் கழற்றி எடுக்கிற புட்டி. காலை வைத்தால் மூடி தானே அழுந்தி நிற்கும். நான்கு பக்கச் சுவரும் வெட்டுப்படாமல் முழுதாக இருக்கும்.

'கழற்றி எடுக்கிற' என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். செருப்பையே தூக்கி வாயில் கவிழ்க்கிற அமைப்பு வேண்டாம். காலணியை நாமும் வீட்டு வாசலோடு நிறுத்துகிறவர்கள், பர்மியர்களும் அப்படியே. பகோடாவுக்குள் செருப்பு போடுவதை எதிர்த்து இந்த நாட்டில் பெரிய கிளர்ச்சியே நடந்தது. 1919-இல் ஆங்கில அரசு இறங்கிவந்து, அந்தந்த இடத்துத் தலைமைப் பிக்குவே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் நாலு பேர் பார்க்கச் செருப்பை வாய்க்குக் கொண்டுபோனால் யாருக்கும் ரசிக்காது. புட்டியை வெளியே எடுத்து, உறையைக் கழற்றி, மரியாதையாகக் குடிக்கலாம். இதே காரணத்துக்காக, செருப்பில் புத்தர் உருவமோ சாமிப் படமோ எழுத்தோ ஒட்டாதீர்கள். இங்கே அது சட்டச் சிக்கலும்கூட.

புட்டியை வாங்கிய பிறகே செருப்பை வரையுங்கள்

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போவார்கள். அழகான செருப்பு வரைவார்கள், குழி வெட்டுவார்கள், பிறகு அதற்குப் பொருந்தும் புட்டி கிடைக்காமல் அலைவார்கள். முதலில் தட்டையான, திருகு மூடி உள்ள, உணவுக்கான சிறு புட்டி இரண்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருக்கட்டும். 3 வேண்டாம், அது பி.வி.சி. ஷாம்பு, எண்ணெய் இருந்த பழைய புட்டியை எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது. துருப்பிடிக்காத எஃகுப் புட்டியும் நல்லது. அலுமினியம் வேண்டாம், எலுமிச்சை, புளித் தண்ணீர் அதை அரித்துவிடும்.

இந்த விளக்கத்துக்கு மூடியோடு சேர்த்து 70 மி.மீ. நீளம், 40 அகலம், 20 தடிமன் உள்ள புட்டி என்று வைத்துக்கொள்வோம். சுவர் ஒன்றரை மி.மீ. என்றால், மூடியும் கழுத்தும் போக உள்ளே சுமார் 30 மில்லி பிடிக்கும். இரண்டு காலுக்கும் சேர்த்து 60. குறைவாகத் தோன்றலாம். ஆனால் காலில் கட்டிய எடை முதுகில் சுமக்கும் எடை மாதிரி இல்லை, ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டும். ஓடுகிறவர்களின் ஷூவில் 100 கிராம் கூடினாலே உடல் செலவிடும் சக்தி ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது. இதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.

தேவையானவை

ஈ.வி.ஏ. ஷீட் (செருப்பு அடிக்குப் போடும் ரப்பர்போன்ற நுரை) 12, 6, 5 மி.மீ. தடிமன்களில், அடிக்கு 4 மி.மீ. வரிவைத்த ரப்பர் ஷீட். மூடிக்குப் பழைய பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகை, 6 மி.மீ. தடிமன், செருப்புப் பசை, ஒரு ஜோடி ரப்பர் வார், கூர்மையான கட்டர், இரும்பு ஸ்கேல், உப்புத்தாள், கொஞ்சம் மெத்தை ஸ்பாஞ்ச். மண்டலேவின் வெல்வெட் வார்ச் செருப்பு பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது, திஞ்ஜான் தண்ணீரில் ஒரே நாளில் போய்விடும். ஈ.வி.ஏ. வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சுலபமாகக் குழி விழுந்தால் அது வேண்டாம், கெட்டியானதைக் கேளுங்கள். செருப்புத் தைப்பவர்களிடம் கேட்டால் இவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்வார்கள், துண்டாகவும் வெட்டித் தருவார்கள்.

அடுக்கு வரிசை

கீழிருந்து மேலாக, மி.மீ. கணக்கில்: ரப்பர் 4, அதன்மேல் ஈ.வி.ஏ. 5, அதன்மேல் 12 (முழு நீளம்), இன்னொரு 12 (குதிகாலில் தொடங்கிப் பாதத்தின் நடுவில் சரிந்து முடிவது), அதன்மேல் 6, கடைசியாகப் பாதம் படும் 5. குதிகாலில் மொத்தம் 44 மி.மீ., முன்பக்கம் 32. இரண்டுக்கும் 12 மி.மீ. வித்தியாசம்தான் என்பதால் நடக்க வசதியாக இருக்கும்.

உங்கள் பாதத்தைத் தாளில் வரைந்து, சுற்றிலும் 5 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். குதிகால் அகலம் 80 மி.மீ. ஆவது வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அந்த இடத்தை மட்டும் விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு 12 மி.மீ. அடுக்குகளிலும் 72-க்கு 42 அளவில் குழி வெட்டுங்கள், பின் விளிம்பிலிருந்து 24 மி.மீ. தள்ளி. அதற்கு மேலுள்ள 6 மி.மீ. அடுக்கில் குழி பெரிது: 100-க்கு 66, பின் விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி. மூடிப்பலகை இந்தப் பெரிய குழிக்குள் உட்கார்ந்து, சிறிய குழியின் கரையில் நாலு பக்கமும் தாங்கி நிற்கும். நீளவாக்கில் 14 மி.மீ., அகலவாக்கில் 12 மி.மீ. தாங்கல் கிடைக்கிறது. கிணற்றின் மேல் போட்ட பலகை மாதிரிதான், கரையில் நன்றாக ஏறியிருந்தால் பயமில்லை.

எடை புட்டியின் மேல் விழக்கூடாது

இந்தச் செருப்பின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

அறுபது கிலோ ஆள் சாதாரணமாக நடக்கும்போது ஒரு குதிகாலில் அறுபது கிலோவுக்கும் கொஞ்சம் அதிகமாகவே, எழுபது வரை எடை விழும். ஓடினால் இரண்டு மூன்று மடங்கு. அந்த எடை புட்டியின் வழியாகத் தரைக்குப் போனால் புட்டி நசுங்கும், மூடியின் மரை விரியும், இரண்டு தெரு தாண்டுவதற்குள் ஒழுகும். எடை மூடிப்பலகையில் விழுந்து, பலகையிலிருந்து கரைக்குப் போய், கரை வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். புட்டி நடுவில் சும்மா இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சிறிய குழியின் ஆழம் 24, புட்டியின் தடிமன் 20. பலகைக்கும் புட்டிக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி. இவ்வளவு எதற்கு என்றால், பலகை நடுவில் கொஞ்சம் வளையும், அதைவிட முக்கியமாகக் கரையே அமுங்கும். ஈ.வி.ஏ. கெட்டியாக இருந்தாலும் எடை ஏறினால் இரண்டு மூன்று மி.மீ. இறங்கத்தான் செய்யும். பலகையின் தடிமனை மட்டும் பார்த்துவிட்டுக் கரை அமுங்குவதை மறந்தால் செருப்பு கைவிட்டுவிடும். எங்கள் தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் வரைபடத்தைக் காட்டியபோது அவர் விரல் வைத்தது பலகையில் இல்லை, கரையில். "தம்பி, இது எவ்வளவு எறங்கும்னு பாத்தியா?" என்றார்.

அதை அளக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. பசை போடாமல் எல்லா அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். புட்டியை உள்ளே வைத்து, அதன்மேல் சப்பாத்தி மாவு உருண்டை மூன்று வையுங்கள். பலகையை மூடி, ஒற்றைக் காலில் ஏறி நில்லுங்கள். இறங்கி, நசுங்கிய மாவின் தடிமனை அளந்து பாருங்கள். ஒன்றரை மி.மீ. ஆவது மிச்சம் இருந்தால் தொடரலாம். மாவு தாள்போல ஆகிவிட்டால் இன்னும் கெட்டியான ஈ.வி.ஏ. தேடுங்கள், இல்லையென்றால் இன்னும் மெலிந்த புட்டி. பலகையைத் தடிமனாக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அமுங்குகிறது கரை.

இடைவெளி இருப்பதால் நடக்கும்போது புட்டி கடகடவென்று ஆடும். மேலே 5 மி.மீ. ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று வைத்தால் போதும். அது முழுதாக அமுங்கிக் கொடுக்கும், எடையைக் கடத்தாது.

ஒட்டுதல்

பசையை இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் உள்ளே பசை காயாமல் கிடந்து பிறகு வழுக்கிக்கொண்டு வரும். ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது, ஆகவே நடுவில் கோடு போட்டுக்கொண்டு குதிகாலிலிருந்து முன்னோக்கிப் படியவிடுங்கள். சுத்தியலால் தட்டிக் கொடுங்கள். பசையின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், மொட்டை மாடியிலோ திறந்த தாழ்வாரத்திலோ உட்கார்ந்து செய்யுங்கள், பக்கத்தில் அடுப்பு இருக்கக்கூடாது.

வாரை மறந்துவிடாதீர்கள். வாரின் அடிக்குமிழ் இருபது மி.மீ. தடிமனுக்குத்தான் நீளும். நம் செருப்பு அதைவிடத் தடிமன். அதனால் மேல் இரண்டு அடுக்கையும் முதலில் ஒட்டி, துளை போட்டு, வாரை மாட்டி, குமிழ் உட்காரக் கீழ் அடுக்கில் சிறு பள்ளம் சீவிவிட்டு, அதன் பிறகே கீழ் அடுக்குகளோடு சேருங்கள்.

மேலே உள்ள 5 மி.மீ. அடுக்கில் பலகையைவிட அரை மி.மீ. பெரிதாக மூன்று பக்கம் மட்டும் வெட்டி, பாதத்தின் நடுப்பக்கத்தை வெட்டாமல் விடுங்கள். அதுவே கீல். காய்வெட்டும் பலகையின் பிளாஸ்டிக்கில் பசை சரியாகப் பிடிக்காது, அதனால் பலகையில் துளை போட்டு அந்த மடலின் அடியில் தைத்துவிட்டால் மூடி தயார். பின் ஓரத்தில் சிறு நாடா ஒன்று ஒட்டினால் தூக்கச் சுலபம். சுற்றுவிளிம்பை உப்புத்தாளால் தேய்த்து எல்லா அடுக்கையும் ஒரே சமமாக்குங்கள். விரல்முனைப் பக்கம் அடியைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சரித்துத் தேயுங்கள், தடித்த செருப்பு தடுக்காமல் இருக்கும். இந்த வெட்டும் வரியும் கண்ணில் படாமல் இருக்கத் துணி ஒட்டலாம். நான் விரும்புவது கருப்பு ஈ.வி.ஏ.வை அப்படியே விடுவதுதான், வெட்டு தெரியவே தெரியாது.

ஒழுகல் சோதனை

பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைப் புட்டியில் நிரப்பி, வெள்ளைத் தாளில் சுற்றி, குழியில் வைத்து, அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் தாள் சொல்லிவிடும். கசிந்தால் முதலில் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பிறகு ஈரத் தரையில் நடந்து பாருங்கள். சறுக்கினால் அடி ரப்பரை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். திஞ்ஜானில் ஊரே ஈரம், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உள்ளே என்ன ஊற்றலாம்?

தண்ணீர், ஆறவைத்த பால் இல்லாத தேநீர், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். சோடா வகை வேண்டாம், ஒவ்வோர் அடியிலும் குலுங்கி அழுத்தம் ஏறும். தேங்காய்ப்பாலும் கூடாது. திஞ்ஜானில் வழிப்போக்கருக்கு இலவசமாகத் தரும் மோன்லெஸவுங், ஷ்வேயின்ஏ என்ற தேங்காய்ப்பால் பானங்களைப் பந்தலிலேயே குடித்துவிடுங்கள். இந்த வெயிலில் தேங்காய்ப்பால் ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காது, கால்சூடும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இதை அணிந்து விமான நிலையத்துக்கும் போகாதீர்கள். ஒளித்துவைத்த திரவத்தைக் கண்டுபிடித்தால் விளக்கம் சொல்லியே விமானத்தை விட்டுவிடுவீர்கள்.

புட்டியின் வாய்க்கு ஒரு சிறு உறை அவசியம். சுத்தமான பிளாஸ்டிக் பையை வெட்டிப் புட்டி முழுவதும் மூடும்படி சுற்றினாலும் சரி, நல்ல சிலிகோன் மூடி கிடைத்தால் இன்னும் சரி. கால் வியர்வை மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கத்தான் செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் புட்டியை எடுத்து, ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் சமையல் சோடாவும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். பிரஷ் நுழையாத மூலைக்கும் அரிசி போய்விடும். மூடியைத் திறந்தபடி கவிழ்த்துக் காயவையுங்கள். செருப்பின் மூடியையும் திறந்து நிழலில் வையுங்கள், நேர்வெயிலில் ஈ.வி.ஏ. சுருங்கி, குழி இறுகி, மறுநாள் புட்டி உள்ளே போகாது. மாதம் ஒருமுறை அந்த மாவு உருண்டைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஈ.வி.ஏ. நாளாக நாளாக நிரந்தரமாகவே அமுங்கும். மிச்சம் ஒரு மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் நடு அடுக்குகளை மாற்றும் காலம் வந்துவிட்டது. வாரும் பலகையும் புட்டியும் அடுத்த ஜோடிக்கும் ஆகும்.