இறுதியாண்டுச் செயற்றிட்ட முன்வைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதக்கணக்கில் கிணறு கிணறாக அலைந்து தண்ணீர் எடுத்து, ஆய்வுகூடத்தில் இருட்டும்வரை நின்று சோதித்த பிள்ளை, பிரசன்டேஷன் அன்று தான் செய்த வேலையைச் சொல்லாமலே வந்து இருந்துவிடுகிறது. இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனவருத்தமாக இருக்கும். வேலை நல்ல வேலை, சொன்ன விதத்தில்தான் பிழை.

பெரும்பாலும் முன்னுரைதான் நேரத்தைத் தின்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று (உரத்திலும் கழிவிலும் இருந்து தண்ணீரில் கலக்கும் ஒரு சேர்வை) எவ்வளவு என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். தந்தது 15 நிமிடம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம், தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் கீழே இறங்குகின்றன என்று சொல்லி முடிக்கவே 7 நிமிடம் போய்விடும். எல்லாம் உண்மைதான். ஆனால் முன்னால் இருப்பவர்களில் பலர் அந்தத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவர்கள். பிறகு செய்முறைக்கு 5 நிமிடம். முடிவுகளுக்கு வரும்போது "நேரம் முடிகிறது" என்று குரல் வரும். நான்கு மாத உழைப்பு மிஞ்சிய மூன்று நிமிடத்துக்குள் ஓடிப்போகும்.

ஆகவே, கண்டுபிடித்ததைக் கடைசிவரை ஒளித்து வைக்காதீர்கள். எத்தனை கிணறுகளைச் சோதித்தீர்கள், எத்தனையில் அளவு கூட, அவை தோட்டப் பக்கமா குடிமனைப் பக்கமா என்பதை இரண்டாவது ஸ்லைடிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டவர்கள் மிச்சத்தை உன்னிப்பாகக் கேட்பார்கள்.

அடுத்தது இலக்கங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதையே, அதில் உள்ள நைதரசனை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 மில்லிகிராம். உங்கள் வரைபடத்தில் ஒரு கிணற்றுக்கு 20 என்று நின்றால், முதல் கணக்கில் அது பயமில்லாத தண்ணீர். இரண்டாவது கணக்கில் எல்லையைப் போல இரு மடங்குக்குக் கிட்ட. எந்தக் கணக்கு என்று வரைபடத்தின் அச்சுக்கோட்டில் எழுதாமல் விட்டால் முழு முடிவும் தொங்கிப்போகும். எந்த மாதத்தில் தண்ணீர் எடுத்தீர்கள் என்பதையும் விடாதீர்கள். கோடையில் எடுத்ததும் மாரி மழைக்குப் பிறகு எடுத்ததும் ஒன்றல்ல. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டுக் காட்டினால், நீங்கள் கண்ட வித்தியாசத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

இனி, மொழி. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் கதைக்க வேண்டியிருப்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய சுமை. அந்தப் பயத்தில் முழுவதையும் எழுதிப் பாடமாக்குகிறார்கள். நடுவில் ஒரு வசனம் மறந்தால் அடுத்ததும் வராது. அல்லது எல்லாவற்றையும் ஸ்லைடில் எழுதி, திரையைப் பார்த்து வாசிக்கிறார்கள். சபைக்கு முதுகுதான் தெரியும். முதல் இரண்டு வசனங்களை மட்டும் பாடமாக்குங்கள், அது தொடக்கப் பதற்றத்தைத் தாண்ட உதவும். மிச்சத்தை வீட்டில் அம்மாவுக்கோ வேறு பீடத்துச் சிநேகிதருக்கோ முதலில் தமிழில் விளங்கப்படுத்திப் பாருங்கள். அவர்கள் "விளங்கவில்லை" என்று எந்த இடத்தில் மறிக்கிறார்களோ, அந்த இடம் உங்களுக்கே சரியாகத் தெளியவில்லை. அதைத் தெளிவாக்கிய பிறகு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வசனமாகச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது. எழும்பி நின்று, வாய்விட்டு, மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தொழில்நுட்பத் தவறுகள் சின்னவைதான், ஆனால் அன்றைய நாளைக் கெடுத்துவிடும். கேள்விக்கொத்தில் இருந்த தமிழைப் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அப்படியே ஸ்லைடில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், ஒரு பிடிஎஃப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீடியாவின் (திரையில் படம் காட்டும் புரொஜெக்டரின்) வயர் உங்கள் மடிக்கணினிக்குப் பொருந்துமா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள்.

குழுவாகச் செய்தால், ஒருவர் முழுவதையும் கதைக்க மற்றவர்கள் பக்கத்தில் கைகட்டி நிற்பது கூடாது. நின்றவரிடம்தான் கேள்வி வரும்.

கேள்வி நேரத்தில் நான் கேட்ட பதில்களில் மிகவும் வருத்தியது, "சேர் அப்படித்தான் செய்யச் சொன்னவர்" என்பது. மேற்பார்வையாளர் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் அந்தக் கிணறுகள், ஏன் அந்தச் சோதனை என்ற காரணம் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். தெரியாத கேள்விக்கு ஊகித்துப் பதில் சொன்னால், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். "அதை நான் அளக்கவில்லை, அளப்பதானால் இப்படிச் செய்வேன்" என்று சொன்னால் எவரும் குறையாக நினைக்கமாட்டார்கள். கேட்பவர் முடிக்கும்வரை பொறுங்கள். கேள்விகளை எழுதிக்கொள்ள ஒரு சிநேகிதரைப் பின்வரிசையில் இருத்துங்கள். பதற்றத்தில் உங்களுக்கு ஒன்றும் நினைவில் நிற்காது, ஆய்வறிக்கையைத் திருத்தும்போது அந்தக் கேள்விகள் தேவைப்படும்.