எச்டி தொலைக்காட்சி வாங்கலாமா? முதலில் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள்

பழைய தொலைக்காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டி (உயர் துல்லிய) தொலைக்காட்சிக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள், தங்கள் வீட்டுக்கு இப்போது எந்தத் தரத்தில் படம் வருகிறது என்பதைக் கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண எஸ்டி ஒளிபரப்பில் ஒரு படம் 720×576 புள்ளிகளால் ஆனது. முழு எச்டியில் 1920×1080, அதாவது ஐந்து மடங்கு. எஸ்டி படத்தைப் பெரிய திரையில் காட்டும்போது விடுபட்ட புள்ளிகளைத் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்புவதால், முகங்கள் மழுங்கியும் செய்தியின் ஓடும் எழுத்துகள் பிசிறடித்தும் தெரிகின்றன. புதுத் தொலைக்காட்சி வாங்கியும் படம் முன்பைவிட மோசமாக இருக்கிறது என்று பலர் வருந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே கேபிள்காரரிடமோ டிடிஎச் நிறுவனத்திடமோ கேட்டுவிடுங்கள்: இருக்கும் செட்டாப் பாக்ஸ் எச்டி பெட்டிதானா, இல்லையென்றால் மாற்ற என்ன செலவாகும், வீட்டில் வழக்கமாகப் பார்க்கும் அலைவரிசைகளில் எவற்றுக்கு எச்டி வடிவம் உண்டு, மாதக் கட்டணம் எவ்வளவு கூடும். எச்டி பெட்டியே இருந்தாலும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட பழைய கம்பியில் இணைத்தால் எஸ்டி படம்தான் கிடைக்கும். எச்டிஎம்ஐ கம்பி கட்டாயம் வேண்டும்.

அடுத்து, நாற்காலியிலிருந்து திரை வரை நாடா வைத்து அளந்து பாருங்கள். இயல்பான பார்வை உடையவருக்கு 43 அங்குல முழு எச்டி திரையின் தனித்தனிப் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் தெரியாது. எட்டு, பத்து அடி தள்ளி உட்காரும் கூடத்தில் அதே அளவில் 4கே திரை (முழு எச்டியைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது) வாங்குவதால் கூடுதல் துல்லியம் எதுவும் கண்ணுக்கு எட்டாது என்பதே என் கருத்து. 32 அங்குலத்தில் விற்கப்படும் ‘எச்டி ரெடி’ திரை பெரும்பாலும் 1366×768 புள்ளிகள்தான் என்றாலும், எட்டடி தூரத்துக்கு அதுவே போதும். இணையம் வழியாகவே அதிகம் பார்ப்பவர்கள் வேகத்தையும் சந்தாவையும் சரிபார்க்க வேண்டும்: நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேவுக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகத்தைப் பரிந்துரைக்கிறது, அதன் 4கே தரமும் உயர்ந்த கட்டணத் திட்டத்தில்தான் உண்டு.

விலையைப் பொறுத்தவரை, 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சிறிய திரைக்கும் பெரிய திரைக்கும் இடையிலான வரி வேறுபாடு இப்போது இல்லை.

கடையில் ஓடும் விளம்பரக் காட்சிகள் திரையின் சிறப்பைக் காட்டவென்றே எடுக்கப்பட்டவை, நிறங்களும் மிகைப்படுத்தி வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் அன்றாடம் பார்க்கும் செய்தி அலைவரிசையை எஸ்டியிலும் எச்டியிலும் போட்டுக்காட்டச் சொல்லி, வீட்டில் உட்காரும் அதே தூரத்தில் நின்று பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் வெளிறுகிறதா என்றும் கவனியுங்கள், ஏனெனில் கூடத்தில் எல்லோரும் திரைக்கு நேரெதிரே உட்காருவதில்லை. எஸ்டி பெட்டியையே தொடரப்போகிறீர்கள், இணையத்திலும் பார்ப்பதில்லை என்றால், பழைய தொலைக்காட்சி பழுதாகும்வரை பொறுத்திருக்கலாம்.