பச்சிளம் குழந்தையின் மூளை ஸ்கேனைக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆசாரிபள்ளத்திலும் குலசேகரத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. குறைமாதக் குழந்தைகளின் மூளை பாதிப்பை அல்ட்ராசவுண்ட் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் ப்ராஜெக்டை இறுதியாண்டு மாணவர்கள் எடுத்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் துல்லியம் 98 சதவீதம் வந்துவிட்டது என்று கொண்டாடுவதற்கு முன், அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்துவிடுங்கள்.

முதல் சந்தேகம் படங்களைப் பிரித்த விதத்தில் வர வேண்டும். உச்சிக்குழியில் ஜெல் தடவி, ப்ரோப் என்ற ஸ்கேன் கைக்கருவியை முன்னும் பின்னும், அப்புறம் பக்கவாட்டிலும் சாய்த்து, ஒரே குழந்தைக்குப் பல படங்கள் எடுப்பார்கள். அவற்றை மொத்தமாகக் கலக்கி, பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 சதவீதம் என்று பிரித்தால், பயிற்சியில் இருந்த குழந்தையே சோதனையிலும் வந்து நிற்கும். மாடல், அதாவது படங்களைப் பார்த்துப் பழகும் புரோகிராம், மூளைக்குள் நடந்த ரத்தக்கசிவைக் கற்றிருக்காது. அந்தக் குழந்தையை அடையாளம் தெரிந்துகொண்டிருக்கும். எனவே குழந்தை வாரியாகப் பிரியுங்கள். இரட்டைக் குழந்தைகள் என்றால் இரண்டு பேரும் ஒரே பக்கம்தான்.

100 குழந்தைகளில் 10 பேருக்குத்தான் கசிவு என்று வைத்துக்கொள்வோம். எல்லோரையும் 'நார்மல்' என்று சொல்லும் புரோகிராமுக்கும் 90 சதவீதம் கிடைக்கும். பாதிப்புள்ள 10 பேரில் எத்தனை பேரைப் பிடித்தது என்பதுதான் கேள்வி.

டாக்டர் சந்தேகப்பட்ட இடத்தை அளக்கும்போது படத்தில் சின்னக் கூட்டல் குறிகள் விழும். நார்மல் படங்களில் பெரும்பாலும் அவை இருக்காது. மாடல் படத்தின் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுத்தது என்று நிறத்தில் காட்டும் ஹீட்மேப் போட்டுப் பாருங்கள்: சிவப்பு நிறம் விழுவது ரத்தத்தின் மேலா, அந்தக் குறியின் மேலா? குறிகள் இல்லாத மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள். திரையைப் போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நுண்விவரம் போய்விடும், குழந்தையின் பெயரும் வெளியே போய்விடும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு படத்தைக்கூடத் தொடாதீர்கள்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ரத்தமில்லை. மூளைத் திரவத்தைச் சுரக்கும் கோராய்ட் பிளெக்ஸஸ் நல்ல குழந்தைக்கும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அது மூளைக்குள் இருக்கும் திரவ அறையின் முன்பகுதியான முன்கொம்புக்குள் போகாது. அங்கே வெள்ளை தெரிந்தால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். கசிவின் தீவிரத்துக்கு 1978-இல் பாபைல் என்ற மருத்துவரின் குழு வகுத்த நான்கு நிலைகளைக் கொண்டு இரண்டு டாக்டர்கள் தனித்தனியே குறித்துத் தரட்டும். ஒத்துப்போகாத படங்களை மூன்றாமவர் பார்க்கட்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது குழந்தையின் வயது. கசிவு பெரும்பாலும் பிறந்த முதல் 3 நாட்களுக்குள் நடந்துவிடும். ஆனால் மூளையின் நரம்பிழைகள் உள்ள வெள்ளைப் பொருள் சிதைந்து உருவாகும் நீர்க்கட்டிகள் கண்ணில் பட 2 முதல் 4 வாரம் ஆகலாம். முதல் வாரப் படத்துக்கு 'நார்மல்' என்று ஒட்டிய லேபிள், ஒரு மாதம் கழித்து அதே குழந்தைக்குப் பொய்யாகலாம். எனவே ஒவ்வொரு படத்துடனும் எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்து எத்தனையாவது நாள் என்பதைச் சேர்த்து வையுங்கள். நிறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறிய குழந்தைக்கோ தொடக்க அல்ட்ராசவுண்ட் சுத்தமாகவே தெரியக்கூடும். அங்கே எம்ஆர்ஐதான் நம்பகமானது.

நாகர்கோவில் மெஷினில் பழகிய மாடல் மார்த்தாண்டத்தில் வேறு மெஷினில் தடுமாறலாம். அங்கிருந்தும் படம் வாங்கிச் சோதியுங்கள்.

கடைசியாக, திரையில் வரும் வாசகம். வெறும் 'நார்மல்' என்று காட்டினால், பேச்சிப்பாறை மலைப்பக்கத்திலிருந்து வந்த தாய் அடுத்த ஸ்கேனுக்கு வராமல் போய்விடக்கூடும். 'இன்றைய படத்தில் கசிவு தெரியவில்லை, டாக்டர் பார்க்க வேண்டும், அடுத்த ஸ்கேன் இந்தத் தேதியில்' என்று தமிழிலேயே வரச் செய்யுங்கள்.