தஞ்சை ராஜ வீதிகளில் சித்திரைத் தேர் பார்க்க

பெரிய கோயிலின் 18 நாள் சித்திரைத் திருவிழாவில் தேரோட்டம் காண வருவோர், வெயில் ஏறுமுன்பே மேல வீதியை அடைந்துவிட வேண்டும். நெடுங்காலம் நின்றுபோயிருந்த இத்தேரோட்டம் 2015-இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், ஊராரின் ஆவல் இன்னும் தணியவில்லை. நான்கு வீதிகளிலும் தேரின் பின்னே அலைவதைவிட, வீதி திரும்பும் முனையில் நிழல் பார்த்து நிற்பதே என் யோசனை. முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருக, மரம் நெரியும் ஓசையோடு அத்தனை பெரிய தேர் அங்குலம் அங்குலமாகத் திரும்புவதை அங்கேதான் அருகிலிருந்து காணலாம். வடம் பிடிப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் (தார்ச்சாலை சுடும், அதற்கும் ஆயத்தமாக வாருங்கள்). குழந்தைகளைச் சக்கரத்தின் பக்கம் விடவே கூடாது. கூடுதல் நாட்கள் தங்க முடிந்தால், நரசிம்ம ஜயந்தியையொட்டி தஞ்சைக்கு அருகிலுள்ள மெலட்டூரில் நடைபெறும், ஆண்களே பெண் வேடமும் தாங்கும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்துக்கு ஓர் இரவை ஒதுக்குங்கள்.